மல்லிகை ஏன் பூக்கவில்லை? – வீட்டுக்குள்ளும் வெளியிலும் பூச்செடி வளர்ப்பு

பூச்செடி வளர்க்க நிலம் வேண்டும் என்பது நம்மில் பலரின் எண்ணம். லயத்து வீட்டின் முன்வாசலில் செம்பருத்தியும் மல்லிகையும் தானாகத் தழைத்து நின்ற காலத்தில் வளர்ந்த நம் பெற்றோருக்கு அந்த எண்ணம் இயல்பானதே. இன்றோ நம்மில் பெரும்பாலோர் தாமான்களிலும் அடுக்குமாடிகளிலும் வசிக்கிறோம். ஆண்டின் பெரும்பகுதியை விடுதி அறையில் கழிக்கிறோம். கைப்பிடி மண்கூட இல்லாத இடத்தில் ஒரு செடி பூக்குமா? பூக்கும். ஆனால், அதற்கு என்ன வேண்டும் என்பதை நாம் தெரிந்துகொள்ள வேண்டும். அதை நான் தெரிந்துகொண்ட விதத்தையே இக்கட்டுரையில் பகிர்ந்துகொள்ள விரும்புகிறேன்.

2015-ஆம் ஆண்டு நான் தமிழ்ப்பள்ளியில் யூ.பி.எஸ்.ஆர். தேர்வு எழுதினேன். அந்த ஆண்டின் இறுதியில் நாங்கள் குடியிருந்த செம்பனைத் தோட்டத்தின் நிலம் கைமாறியது. லயத்து வீடுகளைக் காலி செய்தோம். எங்களுக்குக் கிடைத்தது மூன்றாம் மாடியில் ஓர் அடுக்குமாடி வீடு. லாரியில் எல்லாச் சாமான்களையும் ஏற்றிய பிறகு, அம்மா திரும்பிப் போய் வாசல் மல்லிகையிலிருந்து நான்கு கொப்புகளையும் செம்பருத்தியிலிருந்து இரண்டு கொப்புகளையும் ஒடித்து, ஈரத்துணியில் சுற்றி மடியில் வைத்துக்கொண்டு வந்தார். அவற்றுள் ஒரு மல்லிகையும் ஒரு செம்பருத்தியும் பிழைத்தன.

செம்பருத்தி எப்போதாவது ஒரு பூ கொடுத்தது. மல்லிகையோ நான்கு ஆண்டுகள் பூக்கவே இல்லை. இலை மட்டும் கரும்பச்சையாக, கொடி மட்டும் நீளமாகப் போய்க்கொண்டிருந்தது. "மண்ணை விட்டு வந்த கோவம் அதுக்கு" என்பார் அம்மா. வெள்ளிக்கிழமைதோறும் சாமி படத்துக்குப் பூச்சரம் வாங்கி வருவார். தோட்டத்தில் இருந்தவரை அவர் பூவுக்கென்று காசு கொடுத்ததே இல்லை.

2020 மார்ச் 18-இல் நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை தொடங்கியது. பூக்கடைகள் மூடப்பட்டன. முதல் வெள்ளிக்கிழமை அம்மா மல்லிகையின் இலைகளைக் கிள்ளிப் படத்துக்கு வைத்தார். அப்போது நான் ஐந்தாம் படிவம். உயிரியல் படிக்கும் மாணவி. வீட்டிலேயே அடைந்து கிடந்த எனக்கு அந்த இலைகளைப் பார்த்ததும் வெட்கமாக இருந்தது. நான்கு ஆண்டுகளாக ஒரு செடி நம் வாசலில் எதையோ கேட்டுக்கொண்டிருக்கிறது. அது என்னவென்று ஒருநாள்கூட நான் பார்க்கவில்லையே என்று தோன்றியது.

ஒளியே முதல் உணவு

தமிழ்ப்பள்ளியில் பச்சைப்பயற்றை ஈரப் பஞ்சில் முளைக்கவிட்டு, ஒன்றைச் சன்னல் ஓரத்திலும் மற்றொன்றை அலமாரிக்குள்ளும் வைத்த சோதனை உங்களுக்கு நினைவிருக்கலாம். அலமாரியில் இருந்த முளைதான் நெட்டையாக வளர்ந்திருக்கும். ஆனால் வெளுத்து, நிற்க வலுவின்றிச் சாய்ந்திருக்கும். "ஒளியைத் தேடி நீள்கிறது" என்று ஆசிரியர் சொல்லிக் கொடுத்தார். எங்கள் மல்லிகைக் கொடி நீண்டுகொண்டே போனதற்கும் அதுவே காரணம். அது கோபித்துக்கொள்ளவில்லை, வெயிலைத் தேடிக்கொண்டிருந்தது.

செடி தன் உணவை ஒளிச்சேர்க்கையின் மூலம் தயாரிக்கிறது என்பதை நாம் அறிவோம். கிடைக்கும் உணவில் முதல் பங்கு உயிர் வாழ்வதற்கு, அடுத்த பங்கு இலைக்கும் வேருக்கும், மீதமிருந்தால்தான் பூவுக்கு. பூ என்பது செடியின் சேமிப்பிலிருந்து செய்யப்படும் செலவு. வருமானம் குறைந்த வீட்டில் திருமணத்தைத் தள்ளிப்போடுவதுபோல், ஒளி குறைந்த இடத்தில் செடி பூப்பதைத் தள்ளிப்போடுகிறது.

இங்கே நம் கண் நம்மை ஏமாற்றிவிடுகிறது. அறை வெளிச்சமாக இருப்பதாக நாம் நினைக்கிறோம். ஏனெனில் நம் கண் குறைந்த ஒளிக்கும் தன்னைப் பழக்கிக்கொள்ளும். செடிக்கு அந்த வசதி இல்லை. நடுப்பகல் வெயிலின் ஒளி ஏறத்தாழ 100,000 லக்ஸ். சன்னலிலிருந்து சில அடி உள்ளே வந்தால் அது சில நூறு லக்ஸாகக் குறைந்துவிடும். கைத்தொலைபேசியில் ஒளியை அளக்கும் செயலிகள் இலவசமாகக் கிடைக்கின்றன. அவற்றின் எண் துல்லியமானது அல்ல என்றாலும், வீட்டின் ஓர் இடத்தை இன்னோர் இடத்தோடு ஒப்பிடுவதற்குப் போதுமானது.

நான் அப்படித்தான் செய்தேன். காலை ஏழு மணி முதல் மாலை ஏழு மணி வரை மணிக்கொரு முறை அளந்து, பழைய பயிற்சிப் புத்தகத்தில் எழுதினேன். மல்லிகை இருந்த முன்பக்க நடைவழி மேற்கு நோக்கியது. ஆனால் எதிர்க் கட்டடம் வெயிலை மறைத்துவிடுகிறது. நாள் முழுவதிலும் அங்கு நேர் வெயில் விழுந்தது முக்கால் மணி நேரம் மட்டுமே. சமையலறைக்குப் பின்னால் துணி காயவைக்கும் இடம் கிழக்கு நோக்கியது. அங்கே காலை எட்டு மணி முதல் ஏறத்தாழ ஒரு மணி வரை வெயில் இருந்தது. மல்லிகைக்கு நாளொன்றுக்கு ஐந்து, ஆறு மணி நேர நேர் வெயில் தேவை. விடை வீட்டுக்குள்ளேயே இருந்தது.

அந்நிய நாட்டுப் புத்தகங்களைப் பின்பற்றலாமா?

செடி வளர்ப்புப் பற்றிய ஆங்கிலப் புத்தகங்கள் பலவும் "தெற்குச் சன்னலில் வையுங்கள்", "குளிர்காலத்தில் நீரைக் குறையுங்கள்" என்று கூறுகின்றன. அவை மிதவெப்ப நாடுகளுக்காக எழுதப்பட்டவை. கோலாலம்பூர் நிலநடுக்கோட்டிலிருந்து வடக்கே மூன்று பாகை அளவில்தான் உள்ளது. இங்கு மார்ச் இறுதியிலும் செப்டம்பர் நடுவிலும் சூரியன் நடுப்பகலில் நம் தலைக்கு நேர் மேலே வருகிறது. இடைப்பட்ட மாதங்களில் அது வடக்குப் பக்கமாகவும், மற்ற மாதங்களில் தெற்குப் பக்கமாகவும் செல்கிறது. ஆகவே, நமக்கு வடக்கு, தெற்குச் சன்னல்கள் ஆண்டில் பாதிக் காலமே பயன்படும். கிழக்குச் சன்னலே மிகச் சிறந்தது. காலை வெயில் போதிய ஒளியைத் தருகிறது, இலையைக் கருக்குவதில்லை. மேற்கு வெயில் பூக்க வைக்கும். ஆனால் பிற்பகல் சூட்டில் சட்டி மண் விரைவில் காய்ந்துவிடும்.

பகல் நேரத்திலும் நமக்கு வேறுபாடு உண்டு. இங்கு ஆண்டு முழுவதும் பகல் ஏறத்தாழ 12 மணி நேரம். ஆண்டின் நீண்ட பகலுக்கும் குறுகிய பகலுக்கும் இடையே அரை மணி நேர வேறுபாடுகூட இல்லை. கேமரன் மலைக்கு இரவில் சென்றவர்கள் மலைச்சரிவுக் கூடாரங்களில் விளக்குகள் வரிசையாக எரிவதைப் பார்த்திருப்பீர்கள். அவற்றுள் பல சாமந்திக் கூடாரங்கள். சாமந்தி, இரவு நீண்டால் மொட்டுவிடும் செடி. நம் 12 மணி நேர இரவு அதற்குப் போதும் என்பதால், விட்டுவிட்டால் காம்பு குட்டையாக இருக்கும்போதே அது பூத்துவிடும். எனவே, இரவில் விளக்கேற்றி "இன்னும் பொழுது சாயவில்லை" என்று செடியை நம்பவைக்கிறார்கள். காம்பு போதிய உயரம் வந்ததும் விளக்கை அணைக்கிறார்கள், செடி மொட்டுவிடுகிறது. தீபாவளிக்கு நாம் வாங்கிவரும் சாமந்திச் சட்டி மறுமுறை நம் வீட்டில் அவ்வளவு அழகாகப் பூக்காததற்கு, இந்த விளக்குக் கணக்கும் மலைக் குளிரும் நம்மிடம் இல்லாததே காரணம். நம் கைராசியைக் குறை சொல்ல வேண்டியதில்லை.

கத்தரிக்கத் தயங்காதீர்கள்

மல்லிகைச் சட்டியைக் கிழக்குப் பக்கம் மாற்றினேன். அடுத்ததாகக் கத்தரிக்கோலை எடுத்தபோது அம்மா கையைப் பிடித்துக்கொண்டார். தோட்டத்து வாசலிலிருந்து வந்த ஒரே கொடி அல்லவா! ஆனால், மல்லிகை பழைய தண்டில் பூப்பதில்லை. புதிதாக விடும் தளிரின் நுனியில்தான் மொட்டு வரும். எனவே, கத்தரிப்பது செடியைத் தண்டிப்பதாகாது. பூக்க இடம் செய்து கொடுப்பதாகும். அரை மணி நேரப் பேச்சுக்குப் பிறகு, மூன்றில் ஒரு பங்கை மட்டும் வெட்டுவது என்று உடன்பாடு ஏற்பட்டது. வெட்டிய கொப்புகளை அம்மா கீழே போடவிடவில்லை. அதன் பயனைப் பிறகு சொல்கிறேன்.

செம்பருத்திக்கும் இதே விதிதான். 1960-ஆம் ஆண்டு நம் நாட்டின் தேசிய மலராக அறிவிக்கப்பட்ட இந்தப் பூ, பெரும்பாலும் ஒரு நாளே வாழ்கிறது. காலையில் விரிந்து மாலையில் சுருங்கிவிடும். நாளும் பூ வேண்டுமானால் நாளும் புதுத் தளிர் வளர்ந்துகொண்டிருக்க வேண்டும். காகிதப்பூ சற்று மாறுபட்டது. நாம் பூ என்று நினைக்கும் அந்த வண்ணத் தாள்கள் உண்மையில் நிறம் மாறிய இலைகள். நடுவில் உள்ள சிறிய வெள்ளைக் குழலே பூ. அதற்கு நீரை அடிக்கடி ஊற்றினால் இலைதான் வரும். மண் நன்றாகக் காய்ந்து, இலை சற்றுத் துவளும்போது நீர் ஊற்றினால் வண்ணம் கொட்டும்.

நான் கொன்ற செம்பருத்தி

இனி வெளிப்படையாக ஒரு தவற்றைச் சொல்லியாக வேண்டும். மல்லிகை துளிர்விட்ட மகிழ்ச்சியில் செம்பருத்தியையும் ஒரே வாரத்தில் பூக்கவைக்க நினைத்தேன். உரப்பையில் ஒரு தேக்கரண்டி என்று போட்டிருந்தது. நான் ஐந்து கரண்டி அள்ளிப் போட்டேன், அதுவும் தண்டை ஒட்டி. மூன்றாம் நாள் இலை ஓரங்கள் தீய்ந்ததுபோல் பழுப்பாயின. நீர் போதவில்லை போலும் என்று எண்ணிக் காலையும் மாலையும் ஊற்றினேன். சட்டியின் அடித்துளை வேரால் அடைபட்டிருந்ததையும் நான் கவனிக்கவில்லை. இரண்டு வாரங்களில் செடி பட்டுப்போனது.

இரவு வேலை முடிந்து வந்த அப்பா அதைப் பார்த்துவிட்டு, "ஆளுயர செம்பனைக்கே உரத்தைத் தண்டுலேர்ந்து தள்ளித்தாம்மா தூவுவோம்" என்று மட்டும் சொன்னார். இருபது ஆண்டுகள் தோட்டத்தில் உரம் தூவியவர் அவர். ஒரு வார்த்தை அவரிடம் கேட்டிருக்கலாம்.

அம்மா எதுவும் சொல்லவில்லை. அதுதான் இன்னும் வலிக்கிறது.

இதில் என்னை உறுத்துவது இன்னொன்றும் உண்டு. அதற்கு முந்தைய ஆண்டுதான் நான்காம் படிவ உயிரியலில் உருளைக்கிழங்குத் துண்டை உப்புக் கரைசலில் போட்டு 'ஒஸ்மோசிஸ்' சோதனை செய்தோம். துண்டிலிருந்து நீர் வெளியேறி அது தொய்ந்துபோனது. மலாய்மொழியில் விளக்கம் எழுதி நல்ல புள்ளியும் வாங்கினேன். உரமும் ஓர் உப்புதான். மண்ணில் உப்பு மிகுந்தால் வேர் நீரை உறிஞ்ச முடியாது. வேரிலிருந்தே நீர் வெளியேறும். செம்பருத்திச் சட்டிக்குள் நடந்தது அதே உருளைக்கிழங்குச் சோதனை. தேர்வுத் தாளில் எழுதத் தெரிந்த எனக்கு வீட்டுச் சட்டியில் அது தெரியவில்லை. 'சவ்வூடு பரவல்' என்ற தமிழ்ச் சொல்லைப் பிறகுதான் தேடிக் கற்றேன். அந்தச் சொல்லைக் கொண்டு அம்மாவுக்கு விளக்கியபோதுதான் எனக்கே அது முழுமையாக விளங்கியது. பள்ளியில் வேறு மொழியில் கற்றதை வீட்டு மொழியில் ஒருமுறை சொல்லிப் பார்த்தால்தான் அது நம்முடையதாகிறது என்பது என் அனுபவம்.

மண், நீர், உரம்: சில அடிப்படைகள்

அந்தத் தவற்றுக்குப் பிறகு நான் கடைப்பிடிக்கும் முறைகள் இவை:

1. மண்: மூன்று பங்கு மேல்மண், இரண்டு பங்கு மக்கிய எரு, ஒரு பங்கு ஆற்று மணல். இந்த 3:2:1 கலவை நம் நாட்டில் பரவலாகப் பயன்படுத்தப்படுகிறது. எருவும் மணலும் மண்ணை இறுகவிடாமல் வேருக்குக் காற்று போக வழிசெய்கின்றன.

2. நீர்: நேரம் பார்த்து ஊற்றாதீர்கள், மண்ணைப் பார்த்து ஊற்றுங்கள். விரலை ஓர் அங்குலம் மண்ணுக்குள் விட்டுப் பாருங்கள். ஈரம் இருந்தால் விட்டுவிடலாம். காய்ந்திருந்தால் அடித்துளை வழியாக நீர் வெளிவரும்வரை ஊற்றலாம். வேரும் மூச்சு விடுகிறது. மண் எந்நேரமும் சொதசொதவென்றிருந்தால் வேர் அழுகும்; அழுகிய வேரால் நீரை உறிஞ்ச முடியாததால் இலை வாடும். வாடிய இலையைப் பார்த்து மேலும் நீர் ஊற்றுவோம். சட்டிச் செடிகள் பல இப்படித்தான் மடிகின்றன.

3. உரம்: பையில் உள்ள மூன்று எண்களும் தழை, மணி, சாம்பல் ஆகிய சத்துகளைக் குறிக்கின்றன. தழைச்சத்து மிகுந்தால் இலை கொழிக்கும், பூ குறையும். பூச்செடிக்கு 12-12-17 போன்று மூன்றாவது எண் உயர்ந்த உரம் ஏற்றது. அளவில் பாதியை மட்டும், ஈர மண்ணில், சட்டி ஓரமாக இடுங்கள். மக்காத கோழி எருவும் வேரைக் கருக்கும் என்பதை மறக்க வேண்டாம்.

4. மாவுப்பூச்சி: செம்பருத்தித் தளிரில் பஞ்சுபோல் ஒட்டியிருக்கும். முதலில் நீரைப் பீய்ச்சிக் கழுவுங்கள். பிறகு ஒரு லிட்டர் நீரில் ஒரு தேக்கரண்டி பாத்திரம் கழுவும் சோப்பைக் கலந்து மாலையில் தெளிக்கலாம். முதலில் ஓர் இலையில் தெளித்துப் பார்ப்பது நல்லது.

5. கொசு: சட்டிக்கடியில் வைக்கும் தட்டில் தேங்கும் நீர் ஏடிஸ் கொசுவுக்குப் போதுமானது. முட்டை கொசுவாவதற்கு ஒரு வாரம் முதல் பத்து நாள்வரை ஆகும். ஆகவே, வாரம் ஒருமுறையாவது தட்டைக் காலி செய்யுங்கள். முட்டைகள் தட்டின் ஓரத்தில் ஒட்டிக்கொண்டு, நீரின்றியும் பல மாதங்கள் உயிரோடிருக்கும். எனவே கொட்டினால் மட்டும் போதாது. தேய்த்துக் கழுவ வேண்டும். 1975-ஆம் ஆண்டுச் சட்டப்படி கொசு வளரவிடும் வீட்டாருக்கு அபராதமும் உண்டு.

அடுக்குமாடிவாசிகளுக்கு இன்னொரு வேண்டுகோள்: சட்டியைச் சுவர் விளிம்பில் வைக்காதீர்கள். கிரில்லுக்கு உட்புறம் வைத்துக் கம்பியால் கட்டுங்கள். நம் பூவுக்காகக் கீழே நடப்பவரின் தலை பலியாகக் கூடாது. பொது நடைவழியை அடைப்பதும் தீ விபத்தின்போது ஆபத்தாக முடியும்.

அறைக்குள் எதை வளர்க்கலாம்?

விடுதி அறையில் மல்லிகை வளர்க்க முயல வேண்டாம். நான் முயன்று பார்த்துவிட்டேன். இரண்டு மாதத்தில் கொடி நீண்டு, இலை உதிர்ந்து, வீட்டுக்கே திருப்பிக் கொண்டுபோனேன். அறைக்குள் பூக்க, காட்டு மரங்களின் நிழலில் வாழப் பழகிய செடிகளே ஏற்றவை.

அவற்றுள் எளியது 'பீஸ் லில்லி'. அதன் வெள்ளை இதழும் உண்மையில் ஓர் இலைதான். நடுவில் நிற்கும் கதிரில்தான் சிறு பூக்கள் உள்ளன. சன்னலுக்கு ஓரிரு அடி தள்ளி, நேர் வெயில் படாமல் வைத்தால் போதும். நீர் வேண்டுமென்றால் இலைகளைத் தொங்கவிட்டுத் தானே சொல்லும். ஊற்றினால் சில மணி நேரத்தில் நிமிர்ந்துவிடும். அறைத் தோழி ஒருத்தி இதற்கு 'நாடகக்காரி' என்றே பெயர் வைத்துவிட்டாள். இச்செடியை மென்றால் வாயும் தொண்டையும் எரியும். பூனை, சிறு குழந்தை உள்ள வீடுகளில் எட்டாத இடத்தில் வைக்க வேண்டும்.

அடுத்தது, பட்டமளிப்பு விழாக்களில் பரிசாகக் கிடைக்கும் 'ஃபெலனோப்சிஸ்' ஆர்க்கிட். அந்துப்பூச்சி போன்ற தோற்றத்தால் அப்பெயர் பெற்றது. இது மரக்கிளையில் ஒட்டி வாழும் செடி. மண்ணில் நட்டால் வேர் மூச்சுத் திணறும். கரித்துண்டோ மரப்பட்டையோ போதும். வேர் வெள்ளி நிறமாக இருந்தால் நீர் தேவை. பச்சையாக இருந்தால் தேவையில்லை. மறுமுறை பூக்க இதற்குச் சில வாரங்களுக்குச் சற்றுக் குளிர்ந்த சூழல் வேண்டும். நம் சமவெளி வெப்பத்தில் அது தாமதிப்பதற்கு அதுவே காரணம். பூ உதிர்ந்தவுடன் குப்பையில் போட்டுவிடாதீர்கள். இலை பசுமையாக உள்ளவரை செடி உயிரோடுதான் இருக்கிறது.

ஆர்க்கிட் எல்லாம் நிழலில் வளரும் என்றும் எண்ண வேண்டாம். 1981-இல் சிங்கப்பூரின் தேசிய மலராகத் தேர்ந்தெடுக்கப்பட்ட 'வாண்டா மிஸ் ஜோக்கிம்' முழு வெயிலில்தான் பூக்கும். ஒவ்வொரு செடியும் தான் பிறந்த இடத்தின் பழக்கத்தைச் சுமந்துகொண்டே வருகிறது. அது எங்கிருந்து வந்தது என்று கேட்டுத் தெரிந்துகொண்டால் பாதி வேலை முடிந்தது.

மல்லிகை பூத்தது

கத்தரித்த ஏழாவது வாரம், 2020 ஜூன் தொடக்கத்தில், அம்மா விடியற்காலையில் என்னை எழுப்பிப் பின்பக்கம் அழைத்துப் போனார். ஏழு மொட்டுகள். அன்று மாலை அவை கட்டவிழ்ந்தபோது சமையலறை முழுவதும் தோட்டத்து வாசலின் மணம். ஏழு பூவைச் சரமாகக் கட்ட முடியாது. அம்மா நூலில் கோத்துப் படத்தின் ஓரத்தில் தொங்கவிட்டார். பிறகு செம்பருத்தி இருந்த காலிச் சட்டியைக் காட்டி, "அதுல ஒரு மல்லிகைக் கொப்ப வையி" என்றார். மன்னிப்பு அவ்வளவுதான்.

அன்று வெட்டிய கொப்புகளுக்கு வருகிறேன். பென்சில் கனத்தில், ஒரு சாண் நீளத்துக்கு நறுக்கி, கீழ் இலைகளைக் கிள்ளிவிட்டு, ஈர மணலில் நட்டு நிழலில் வைத்தார் அம்மா. ஒரு மாதத்தில் ஒன்பதில் ஆறு வேர்விட்டன. எங்கள் பழைய தோட்டத்து மக்கள் சிலர் அதே அடுக்குமாடியில்தான் இருக்கிறார்கள். அவர்கள் வீடுகளுக்கு அவை போய்ச் சேர்ந்தன. தோட்டம் இருந்த இடத்தில் இன்று வீடமைப்புத் திட்டம் எழும்பிவிட்டது; லயமும் இல்லை, வாசலும் இல்லை. அந்த வாசலின் மல்லிகை மட்டும் ஐந்து மாடிகளில் பூத்துக்கொண்டிருக்கிறது.

ஆகவே நண்பர்களே, இந்தப் பருவ விடுமுறையில் வீட்டுக்குச் செல்லும்போது ஒரு நாள் மட்டும் சன்னல் ஓரத்தில் வெயில் எங்கே, எவ்வளவு நேரம் விழுகிறது என்று குறித்துப் பாருங்கள். எந்தச் செடி வைக்கலாம் என்பதை அந்தக் குறிப்பே சொல்லிவிடும். உரம் வாங்கும் முன்பு வீட்டில் தோட்ட வேலை பார்த்தவர் யாரேனும் இருந்தால் அவரிடம் ஒரு வார்த்தை கேளுங்கள். கிழக்குப் பக்கம் வெயில் விழும் வீடாக இருந்தால், அடுத்த தவணை பேரவைக் கூட்டத்தில் என்னைப் பாருங்கள். ஈரத்துணியில் சுற்றி ஒரு கொப்பு கொண்டுவருகிறேன்.